துண்டுப்பிரசுரத்தில் இல்லாத வரி

மடுல்கெல்ல
09.06.2024

துண்டுப்பிரசுரம் எழுதியவருக்கு,

உங்கள் பெயர் அதில் எங்கும் இல்லை. போடக் கூச்சமாக இருந்திருக்கும். நான் எழுதியிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

கடைசிப் பக்கத்தில் ‘உங்கள் கருத்துகளை எமக்கு எழுதி அனுப்புங்கள்’ என்று கண்டி விலாசம் இருக்கிறது. யாரும் எழுத மாட்டார்கள் என்ற தைரியத்தில் போட்டிருப்பீர்கள். நான் எழுதுகிறேன்.

என் பெயர் அனுஷியா. வயது பதினேழு. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். மடுல்கெல்லயிலிருந்து மேலே ஏறினால் வருகிற தோட்டத்தில் இருக்கிறேன். பகலில் பிள்ளைக் காம்பராவில் இராஜேஸ்வரி அக்காவுக்கு உதவி. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பதினான்கு பிள்ளைகள். அவர்களுக்கு வேண்டிய தண்ணீரை எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குக் கீழே உள்ள பீலியில்தான் பிடிக்கிறோம். மலையிலிருந்து வருகிற தண்ணீர் மேலே ஒரு தொட்டியில் விழுந்து, குழாய் வழியாகப் பீலிக்கு வருகிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரசுரத்தைப் பார்த்தால் தெரிந்ததாகத் தெரியவில்லை.

முகப்பில் ஒரு பெண் கண்ணாடிக் கிளாசைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். காலில் சேறில்லை, பின்னால் குடத்தோடு ஒருவரும் இல்லை. எங்கள் பீலியில் காலை ஆறு மணிக்கு ஒருத்தி அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றால் கிளாசோடு சேர்த்து அவளையும் சாக்கடைக் கானுக்குள் தள்ளிவிடுவார்கள். உள்ளே முதல் வரி: ‘நீரின் நுண்ணுயிரியல் தரத்தை உறுதிப்படுத்தல் சமூகப் பங்கேற்பின் இன்றியமையாக் கூறாகும்.’ இதை நான் சத்தமாக வாசித்தேன். இராஜேஸ்வரி அக்கா பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, “செத்தது யாரு?” என்று கேட்டார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். மே மாதம் உங்கள் ஆட்கள் வந்தபோது ஒருவர் சிறிய கண்ணாடிக் குழாயில் பீலித் தண்ணீரைப் பிடித்து ஒரு மாத்திரையைப் போட்டார். தண்ணீர் ரோஸ் நிறமாக மாறியது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஓர் இலக்கத்தை எழுதிக்கொண்டார். நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அந்த ரோஸ் தண்ணீரைப் பற்றி உங்கள் நான்கு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை. அது என்ன? ஏன் இல்லை?

பதிலை ‘ஹபீல் ஸ்டோர்ஸ், மடுல்கெல்ல’ என்று போட்டு என் பெயருக்கு அனுப்புங்கள். தோட்ட ஆபிசுக்கு அனுப்பினால் எனக்கு முன்பு மூன்று பேர் வாசிப்பார்கள். போன் வேண்டாம். வீட்டிலிருக்கும் போன் அப்பாவுடையது. அதோடு எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் வராது.

அனுஷியா

*

கண்டி
18.06.2024

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிரசுரத்தை எழுதியவள் நான்தான். இந்தக் குடிநீர்த் திட்டத்தின் தொடர்பாடல் உத்தியோகத்தராக இரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். பெயரைப் போடாததற்குக் காரணம் கூச்சம் அல்ல, அலுவலக நடைமுறை.

நீங்கள் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்பதைக் கருத்தில்கொண்டே உங்கள் சொற்களை எடுத்துக்கொள்கிறேன். இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பிரசுரம் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, மூன்று நிபுணர்கள் பார்த்து, பிறகு சிங்களத்துக்கும் தமிழுக்கும் வந்தது. விஞ்ஞானச் சொற்களை நாம் விரும்பியபடி உடைத்துப் போட ஏலாது. வாசிக்கிறவர்களும் கொஞ்சம் முயற்சி எடுக்க வேண்டும்.

நீங்கள் பார்த்த நிறமாற்றம் ஒரு தொழில்நுட்பச் சோதனை. எங்கள் களப் பரிசோதகர் ரிஸ்கான் எல்லா இடத்திலும் வழக்கமாகச் செய்வது. அந்த விபரம் பொதுமக்களுக்குத் தேவையில்லை. தந்தால் குழப்பம்தான் மிஞ்சும். உங்கள் பீலிக்குத் தேவையான ஒரே தகவலைப் பச்சைப் பலகையில் பெரிய எழுத்தில் போட்டு நட்டிருக்கிறோம். அது போதும்.

உங்களைப் போன்ற இளம் பெண்கள் ஆர்வம் காட்டுவது மகிழ்ச்சி தருகிறது. அயலவர்களுக்குக் கொடுப்பதற்காக மேலும் ஐந்து பிரசுரங்களை இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
இன்ஷிரா

*

மடுல்கெல்ல
27.06.2024

இன்ஷிரா மிஸ்ஸுக்கு,

ஐந்து பிரசுரங்களும் கிடைத்தன. ஹபீல் நானா அவற்றில் கடலை சுற்றிக் கொடுக்கிறார். எண்ணெய் ஊறாத நல்ல தாளாம். இன்னும் இருந்தால் அனுப்பச் சொன்னார். நிபுணர்கள் மூன்று பேருக்கும் இதைத் தெரிவித்துவிடுங்கள்.

என் படிப்பைப் பற்றிக் கருத்தில் கொண்டதற்கு நன்றி. உங்கள் படிப்பைப் பற்றி நானும் கருத்தில் கொள்கிறேன். இவ்வளவு படித்தும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதத் தெரியவில்லை. ரோஸ் தண்ணீர் என்னவென்று கேட்டேன். எனக்குத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தேவையா இல்லையா என்பதை நான் கேட்கவே இல்லை.

பச்சைப் பலகையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சரி, அதைப் பற்றிப் பேசுவோம். ‘இந்நீர் பருகுவதற்குப் பாதுகாப்பானது.’ நீங்கள் எழுதியதிலேயே எல்லோருக்கும் விளங்கியது இந்த மூன்று சொல்தான். அதுதான் பிழை.

எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பலகை வந்த பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதுவரை பிள்ளைக் காம்பராவில் காலையில் முதல் வேலை பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைப்பதுதான். இங்கே ஜூன் மாதம் விறகு காயாது. அடுப்பை ஊதி ஊதி எங்கள் இருவருக்கும் கண் சிவந்துவிடும். பலகை நட்ட மறுநாள் இராஜேஸ்வரி அக்கா பானையைக் கவிழ்த்துவைத்தார். “கவர்மெண்டே எழுதிப் போட்டுட்டாங்க, இனி எதுக்குடி இந்தப் புகை?” என்றார். நீங்கள் கவர்மெண்ட் இல்லை என்று சொன்னேன். பலகையில் யானைக்குட்டி அளவுக்கு முத்திரை இருக்கிறதே என்றார். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். கொதிக்கவைக்கிறவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

போன கிழமையிலிருந்து ஆறு பிள்ளைகளுக்கு வயிற்றாலே போகிறது. நேற்று ஏழு.

பலகையை எடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். பிரசுரம் இருக்கட்டும், கடலைக்கு உதவும்.

அனுஷியா

*

கண்டி
05.07.2024

அனுஷியாவுக்கு,

கடலையைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மேலதிகாரியிடம் காட்டவில்லை. என் உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். உம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இரண்டு நாள் வலித்தது.

ஒரு நடப்பட்ட பலகையை ஒரு கடிதத்துக்காகப் பிடுங்க ஏலாது. மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றாலே போக ஆயிரம் காரணம் உண்டு. கை கழுவாமை, ஈ, பழைய சோறு. எல்லாவற்றையும் தண்ணீரின் தலையில் போடுவது படிக்காதவர்களின் வழக்கம். இப்படித்தான் பதில் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்கும் முன்பு, உங்களை வாயடைக்க வேண்டும் என்பதற்காகவே மே மாதத்துக் களப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன்.

ஒன்பதாவது வரி. ‘எஞ்சிய குளோரின்: 0.8.’ ரிஸ்கானின் கையெழுத்து.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். தண்ணீரில் குளோரின் இருந்தால் அந்த மாத்திரை அதை ரோஸ் நிறமாக்கும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ குளோரின் அவ்வளவு. குளோரின் போட்ட தண்ணீரில் கிருமி செத்துவிடும். ஆகவே அன்று நாங்கள் பிடித்த போத்தலில் கிருமி இல்லை என்று ஆய்வுகூடம் சொன்னதில் ஆச்சரியம் எதுவுமில்லை. மலைத் தண்ணீரில் தானாகக் குளோரின் வராது. யாரோ போட்டிருக்கிறார்கள். தினமும் போடுகிறார்கள் என்றால் பலகை சரி. அன்று மட்டும் போட்டிருந்தால் பலகை பிழை.

படிவத்தில் இருந்த பன்னிரண்டு வரிகளையும் பிரசுரத்தில் ஓர் அட்டவணையாகப் போடுவதாகத்தான் முதலில் இருந்தது. நான்தான் நான்காகக் குறைத்தேன். இடமில்லை என்று அலுவலகத்துக்குச் சொன்னேன். உண்மையில் இடம் இருந்தது. அந்த இடத்தில்தான் சிரிக்கிற பெண்ணைப் போட்டேன். தோட்டத்து ஆட்களுக்கு இலக்கம் விளங்காது என்று நினைத்தேன்.

குளோரின் போட்டது யார்? தினமும் போடுகிறார்களா? எழுதுங்கள்.

இன்ஷிரா

*

மடுல்கெல்ல
13.07.2024

மிஸ்,

யார் போட்டது என்று எனக்குத் தெரியாது.

தினமும் போடுவதில்லை. அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் வருவதாக ஆபிசுக்குக் கடிதம் வரும். உடனே லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு, கானுக்கு மண்வெட்டி, தொட்டிக்குக் குளோரின். ஆபிஸ் ஸ்டோரிலிருந்து அன்றைக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள். பெரிய துரை வந்தாலும் இப்படித்தான், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தாலும் இப்படித்தான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. வெளியாள் வந்தால் செய்வது. இரண்டு வருடம் தோட்டம் தோட்டமாகப் போகிற உங்களுக்கு, போன இடமெல்லாம் அன்றைக்கு அடித்த சுண்ணாம்பு மணம் வருகிறதே என்று ஒரு நாளாவது தோன்றவில்லையா? உங்களுக்காக உலகமே எப்போதும் வெள்ளையாக இருக்கிறது என்று நினைத்தீர்களா?

நீங்கள் சோதித்தது எங்கள் தண்ணீரை அல்ல. எங்கள் மரியாதையை.

மறுபடியும் வந்து சோதியுங்கள். ஆனால் கடிதம் போடாமல் வாருங்கள். மழை பெய்த மறுநாள் வாருங்கள்.

ஒன்பது பிள்ளைகள் இப்போது. பக்கத்து வீட்டுத் துஷானிக்கு ஒன்றரை வயது. கண் உள்ளே போய்விட்டது.

அனுஷியா

*

கண்டி
24.07.2024

அனுஷியா,

வந்தேன். நீயும் பார்த்தாய். இனி உன்னை ‘நீங்கள்’ என்று எழுத என் கை வரவில்லை.

கடிதம் போடாமல் வரச் சொன்னாய். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் ஒரு போத்தல் தண்ணீர் பிடிக்க எங்களுக்கு உரிமை இல்லை. அனுமதி கேட்பதற்குக் கடிதம்தான் போட வேண்டும். ஜனார்த்தனன் சேர்தான் எங்கள் திட்டத்துக்குத் தலைவர். ஒழுங்காக ஆறு நாளைக்கு முன்பே அவர் கடிதம் அனுப்பிவிட்டார். ஆகவே நாங்கள் வந்து இறங்கும்போது கான் வெட்டியிருந்தது. கோலம் போட்டிருந்தது. லயத்துச் சுவரில் சாய்ந்துவிட்டேன், என் அபாயாவின் கை முழுக்க இன்னும் சுண்ணாம்பு. ரிஸ்கான் மாத்திரையைப் போட்டதும் குழாய் செம்பருத்திப் பூவாகிவிட்டது. 1.1. முதல் தரத்தைவிடக் கூட. அவன் என்னைப் பார்த்து, “மிஸ், இவங்க நம்மளக் குளிப்பாட்டித்தான் அனுப்புவாங்க போல” என்றான்.

தொட்டிக்குப் பக்கத்தில் மடித்த சாக்கோடு ஒருவர் நின்றார். குளோரின் யார் போட்டது என்று கேட்டேன். அவர் மிகவும் மரியாதையாக, “நம்ம தண்ணி நல்ல தண்ணிங்க மிஸ். பயப்படாம குடிங்க” என்று சொல்லி எவர்சில்வர் டம்ளரைக் கழுவி நீட்டினார். ஆளைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. வாங்கிக் குடித்தேன். நீச்சல் தடாகத்து நாற்றம்.

பிறகு உன்னைத் தேடிப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தேன். இராஜேஸ்வரி அக்கா கையைக் காட்டினார். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். கூட வந்த தோட்டத்துக் கிளார்க்கை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் உன்னிடம் கேட்டேன். ஒரு சொல். ஒரு பெயர். நீ உன் கால் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பத்து நிமிடம். நிபுணர்களுக்குக் கடலைச் சேதி அனுப்பியவள், என் பிரசுரத்தைச் செத்த வீட்டு நோட்டீஸ் ஆக்கியவள் இவள்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. எழுதும்போது எல்லோரும் உனக்கு மடையர்கள். நேரில் வந்தால் நீ ஊமை. இது என்ன நேர்மை? நான் ஒரு வரியை மறைத்தேன், அதை உனக்கு எழுதி ஒப்புக்கொண்டேன். நீ மறைப்பது என்ன?

கண்டிக்கு வந்து இரண்டு இலக்கங்களையும் சேரின் மேசையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, “குளோரின் இருக்குதுதானே. அப்ப தண்ணி பாதுகாப்புத்தான். இன்னும் நல்ல செய்தி” என்றார். வந்த நாளில் மட்டும் போடுகிறார்கள் என்றேன். “யார் சொன்னது? தொட்டியைப் பார்க்கிற ஆள் எழுதித் தந்தாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப அது கதை.”

ஆகஸ்ட் இருபதாம் தேதி இன்னும் நான்கு தோட்டங்களில் பச்சைப் பலகை நடுகிறார்கள். உன் பீலியைத்தான் முன்மாதிரியாகக் காட்டப்போகிறார்கள். அதற்கு முன்பு எனக்கு வேண்டியது தொட்டியைப் பார்க்கிறவரின் கையெழுத்தோடு இரண்டு வரி. அவர் யார் என்றாவது சொல்வாயா?

இன்ஷிரா

*

மடுல்கெல்ல
31.07.2024

இன்ஷிரா மிஸ்ஸுக்கு,

உங்களுக்கு டம்ளர் நீட்டியவர்தான் தொட்டியைப் பார்க்கிறவர். பெயர் செல்லப்பா. என் அப்பா.

குளோரினைத் தொட்டியில் கொட்டியது அவர். கம்பால் கலக்கியது நான். இரண்டு தரமும். மே மாதம் அந்தக் குழாய் ரோஸ் நிறமானபோது பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்தேன். அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, நல்ல நிறமாக இருக்கிறதே என்று சொல்லிச் சிரித்தார். எனக்குப் பயம். அதே நேரம் நிம்மதியாகவும் இருந்தது. இனி நான் வாயைத் திறக்கத் தேவையில்லை, இவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள், இவர்களே சொல்லிவிடுவார்கள். அப்படித்தான் ஒரு மாதம் இருந்தேன். பிரசுரம் வந்ததும் முதலில் அந்த வரியைத்தான் தேடினேன். நான்கு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிரிக்கிற பெண்தான் இருந்தாள். அதனால்தான் அப்படி ஒரு கடிதம் எழுதினேன். உங்களைத் திட்டியதெல்லாம் உங்களுக்குத் தகும். ஆனால் பாதி எனக்கு எழுதியது.

பலகை நட்ட அன்று கூட்டம் வைத்து ‘யாருக்காவது கேள்வி இருக்கிறதா’ என்று கேட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். கை என் மடியில்தான் இருந்தது. வகுப்பிலும் அப்படித்தான். விடை தெரிந்தாலும் எழும்ப மாட்டேன். பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் தலையாட்டுவேன். அது பொய். எழுந்து வாசிக்கச் சொன்னதால் விட்டேன்.

பிள்ளைக் காம்பராவில் போன கிழமை நானாகவே பானையை அடுப்பில் வைத்தேன். இராஜேஸ்வரி அக்கா பார்த்துவிட்டு, “போர்டு பொய் சொல்லுமாடி?” என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். நான் அடுப்பை ஊதினேன். ஈர விறகை வீணாக்குகிறேன் என்று பானையை இறக்கிவிட்டார்.

துஷானியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சேலைன் ஏறுகிறது. அவள் அம்மா தினமும் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு நடக்கிறார். போகும்போது பீலியில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறார், பிள்ளைக்குக் கொடுக்க. ஆஸ்பத்திரித் தண்ணீரில் அவருக்கு நம்பிக்கை இல்லையாம். எங்கள் தண்ணீருக்குப் பலகை இருக்கிறதாம். இதை நான் என் கண்ணால் பார்த்தேன் மிஸ். பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அப்பாவிடம் சொன்னேன். இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று. நான் கடிதம் எழுதுவதே அவருக்கு அப்போதுதான் தெரியும். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “வெளியாளு வர்ற அன்னைக்கு வாசலக் கூட்டுறது ஒரு குத்தமா? நீயே சொல்லு” என்று கேட்டார். குற்றம் இல்லை, ஆனால் சொல்லாமல் இருப்பது குற்றம் என்றேன். குளோரின் கொடுத்தது ஆபிஸ், போடச் சொன்னது ஆபிஸ், கையெழுத்து மட்டும் செல்லப்பாவா என்று கேட்டார். அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா? ஆபிசுக்கு எதிராக எழுதிக் கொடுத்தவரைத் தொட்டி வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருடம் அந்தத் தொட்டியைப் பார்த்திருக்கிறார். மழையில் இலை அடைத்தால் இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்கிறார்.

என் கையெழுத்தை வைத்துக்கொள்ளுங்கள். கலக்கியது நான் என்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவின் பெயரை எங்கும் போடாதீர்கள்.

அனுஷியா

*

கண்டி
09.08.2024

அனுஷியா,

நீ எழுதித் தந்ததைச் சேரிடம் கொடுத்தேன். அதை வாசித்துவிட்டு உன் வயதைக் கேட்டார். சொன்னேன். “பதினேழு வயசுப் பிள்ளைட கதைய நான் எங்க போட? தொட்டி வேலையாள் சொல்லட்டும், பார்ப்போம்” என்று தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். அவரைச் சொல்லி என்ன. அந்த ஒன்பதாம் வரியை வெட்டும்போது நானும் இதே கதிரையில், இதே முகத்தோடுதான் இருந்தேன்.

பலகையை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனாலும் புதிய வாசகம் ஒன்று எழுதிப் பார்த்தேன். ‘குளோரினேற்றம் செய்யப்படாத வேளைகளில் இந்நீரின் தரம் மாறுபடக்கூடும்.’ உம்மாவிடம் காட்டினேன். மாறுபட்டால் நல்லதாக மாறுமா கெட்டதாக மாறுமா என்று கேட்டார். கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினேன். அது இதைவிட மோசம். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் தண்ணீரைப் படித்தேன் அனுஷியா. குடிக்காதே என்று எழுத எனக்கு வரவில்லை.

எங்கள் ஊர் அக்குறணையில் பெருமழை பெய்தால் ஆறு கடைக்குள் வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் யாராவது ‘வெள்ள அபாய முகாமைத்துவம்’ என்று ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாப்பா அதை வாசிக்காமலே சாமான் தூக்கிவைக்கிற பலகைக்கு அடியில் போடுவார். அந்த நோட்டீஸ் எழுதுகிறவர்களைப் பார்த்துச் சிரித்துத்தான் நான் வளர்ந்தேன். பிறகு போய் அதே வேலைக்குச் சேர்ந்து அதையே எழுதினேன்.

உன் அப்பா கேட்டது நியாயம். கையெழுத்துப் போடு என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாயில்லை. அவர் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இருபதாம் தேதி வர இன்னும் பதினொரு நாள்தான். பலகை எங்களுடையது. அது நிற்கிற இடம் உங்களுடையது. நான் எழுதத் தெரியாமல் திணறுவதை நீ எழுது. எனக்கு அனுப்பாதே. வாசிக்க வேண்டியவர்கள் உன் பீலியில் நிற்கிறார்கள்.

இன்ஷிரா

*

மடுல்கெல்ல
15.08.2024

இன்ஷிரா மிஸ்ஸுக்கு,

எழுதினேன். ஹபீல் நானாவிடம் கலண்டர் தாள் ஒன்று வாங்கி, அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். இப்படி:

‘இந்தத் தண்ணீரைக் கண்டி ஆட்கள் இரண்டு தரம் சோதித்தார்கள். இரண்டு தரமும் முதல் நாள் பின்னேரம் தொட்டியில் குளோரின் போட்டோம். ஒவ்வொரு தரமும் ஒரு டின். அதனால்தான் கிருமி இல்லை என்று வந்தது. மற்ற நாட்களில் போடுவதில்லை. பச்சைப் பலகை பிழை. கொதிக்கவைத்துக் குடியுங்கள். பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொதிக்கவைத்துக் கொடுங்கள். போட்டது நான். அனுஷியா.’

நேற்றுக் காலை ஐந்தரை மணிக்கு முதல் ஆளாகப் போய்ப் பலகையின் மேல் சோற்றுப் பசையால் ஒட்டினேன். ஒட்டிவிட்டு ஓடிவந்துவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் எங்களில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. ஒட்டிவிட்டு ஓடினால் அதுவும் உங்கள் பிரசுரம் மாதிரி ஒரு தாள்தான். அதனால் நின்றேன்.

முதலில் வந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். நான் வாசித்தேன். குரல் வரவில்லை. “சத்தமாச் சொல்லுடி, கல்யாண நோட்டீசா?” என்று ஒருவர் கேட்டார். மறுபடி வாசித்தேன். “அட, செல்லப்பா மகளுக்கு வாயி இருக்கா” என்று பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. மூன்றாம் தரம் வாசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. துஷானியின் அம்மா வரிசையில் இருந்தார். கையில் அந்தப் போத்தல். அவர் என்னைத் திட்டவில்லை. போத்தலைக் கவிழ்த்து ஊற்றினார். தண்ணீர் என் காலில் பட்டது. பிறகு காலிப் போத்தலோடு நடந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மற்றவர்கள் திட்டினார்கள். மூன்று மாதம் வாயை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார்கள். கேட்க வேண்டியதுதானே. சிலர் தாளைக் கிழிக்கச் சொன்னார்கள், ஆபிஸ் கோபிக்கும் என்று. இராஜேஸ்வரி அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டு, என் தோளை இடித்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைக் காம்பராக் கூரையில் புகை வந்தது.

அப்பா ஏழு மணிக்குத் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். எல்லோரும் விலகினார்கள். அவர் மெதுவாகத்தான் வாசிப்பார், விரலை வைத்து. முழுவதையும் வாசித்தார். பதினைந்து நாளாக என்னோடு பேசாத மனிதர், கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார். கிழித்துப் போடுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் பேனாவால் வெட்டிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

“ரெண்டாவது தடவ ஒரு டின்னு இல்ல. ரெண்டு டின்னு. மொதல்ல போட்டது பத்துமோ பத்தாதோன்னு கூடப் போட்டேன். எழுதுறதுன்னா சரியா எழுது” என்றார்.

‘ஒவ்வொரு தரமும் ஒரு டின்’ என்பதை வெட்டி, ‘முதல் தரம் ஒரு டின், இரண்டாம் தரம் இரண்டு டின்’ என்று எழுதினார். உங்கள் ரிஸ்கானின் இலக்கம் ஏன் கூடியது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். பிறகு கீழே ‘போட்டது நான். அனுஷியா’ என்பதில் என் பெயரை வெட்டினார். நான் தடுக்கப் போனேன். “ஒனக்குக் கலக்கத்தான் தெரியும்” என்று சொல்லி, எஸ். செல்லப்பா, தொட்டி வேலை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆபிசில் கூப்பிடுவதற்கு முன்பே ஆபிசுக்கு நடந்தார்.

இன்று காலை அவரைப் புல் வெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தொட்டிக்குப் புது ஆள் வந்திருக்கிறார். இலை அடைத்தால் இறங்குவாரா என்று தெரியாது.

தாளைப் பின்னேரம் ஆபிஸ் ஆட்கள் கிழித்துவிடுவார்கள் என்று தெரிந்து, நானே கவனமாகக் கழற்றி எடுத்துவிட்டேன். பீலியில் வேறொன்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கிழித்தால் இன்னொன்று எழுதுவேன். கலண்டரில் இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அப்பா எழுதிய தாளை இதோடு மடித்து அனுப்புகிறேன். சோற்றுப் பசை ஒட்டும், பார்த்துப் பிரியுங்கள்.

தொட்டி வேலையாளின் வாக்கு, அளவு, தேதி, கையெழுத்து, எல்லாம் இருக்கிறது. இருபதாம் தேதிக்கு ஐந்து நாள் இருக்கிறது. இனி உங்கள் ஜனார்த்தனன் சேருக்கு என்ன குறை என்று கேட்டு எழுதுங்கள்.

அனுஷியா